தொண்ணூறுக்கு ஒரு ஜோடி

சிப்பிக்குடியில் சண்டை போடுவது மிகவும் கஷ்டம். எவ்வளவு கோபத்தோடு கத்தினாலும் குரல் கிளிக்குஞ்சு கீச்சிடுவதுபோலத்தான் வரும். எதிரில் நிற்பவர் சிரித்துவிடுவார். பிறகு நாமும் சிரிக்க வேண்டியதுதான். புருஷன் பெண்டாட்டி சண்டைகள் இங்கே அரை நிமிடத்துக்கு மேல் நீடித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிப்பிக்குடி தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலுக்கு அடியில் இருக்கிறது. கடற்பாசி வளர்ப்பதும், அறுப்பதும், காயவைத்து மேலே அனுப்புவதும்தான் தொழில். வீடுகள், பள்ளி, கோவில், மருத்துவமனை எல்லாம் கண்ணாடி போன்ற தகடுகளால் ஆன கூடங்களுக்குள் இருக்கின்றன. அந்தத் தகடு ஒரு கடலின் எடையைத் தாங்கும். தாழ்ந்த ஒலியை மட்டும் தாங்காது. தம்புராவில் கம்பி அதிர்வதுபோலத் தகடும் கூடவே அதிர ஆரம்பிக்கும், மூட்டு விடும்.

இது ஊர் உருவான புதிதில் யாருக்கும் தெரியாது. மாதா திருவிழாவுக்குப் பெரிய மேளம் கொண்டுவந்து அடித்தார்கள். கூடத்தின் மூட்டு விட்டுத் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. மரியானுஸ் என்பவர் எல்லோரையும் வெளியே தள்ளிவிட்டு உள்ளிருந்தே கதவைச் சாத்தினார். அவருடைய மனைவி இன்னமும் எங்கள் பொதுச் சமையலறையில் வேலை செய்கிறார். அன்றிலிருந்து சட்டம் ஒன்றுதான். நொடிக்கு நானூறு அதிர்வுக்குக் கீழே எந்த ஒலியும் இந்த ஊரில் கூடாது.

மனிதர்கள் பேசும் குரல் முழுவதும் நானூறுக்குக் கீழேதான் இருக்கிறது. அதனால் எல்லோர் கழுத்திலும் ஒரு பட்டை. பட்டை தொண்டையில் பிறக்கும் குரலை விழுங்கிவிட்டு, அதே சொற்களை உயரமான குரலில் வெளியே விடும். கைக்குழந்தைகளுக்கு மட்டும் பட்டை கிடையாது. அவர்கள் அழுகை நானூறுக்கு மேலேதான். இந்த ஊரில் சொந்தக் குரலில் பேசும் உரிமை உள்ளவர்கள் அவர்கள்தான்.

நான் ஜெசிந்தா, இந்த ஊரின் ஒலி அலுவலர். எங்காவது நானூறுக்குக் கீழே ஒரு முனகல் எழுந்தால் என் மேசையில் சிவப்பு விளக்கு எரியும். நான் ஓடிப்போய் அதை நிறுத்த வேண்டும். நான் இல்லாமல் ஊர் ஒரு நாள்கூட இயங்கக் கூடாது என்பது விதி. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும்.

இதில் வேடிக்கை, நான் கல்யாணம் செய்துகொண்டது ஒரு சட்டவிரோதமான குரலை. ரெமிஜியூஸை முதலில் பார்த்தது தூத்துக்குடியில், கோவில் பாடற்குழுவில். பார்த்தது என்று சொல்வதுகூடத் தப்பு, கேட்டதுதான். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அதைக் கேட்டதும் எனக்குப் பாட்டு மறந்துபோனது. திரும்பிப் பார்த்தபோது முகம் சுமார்தான். பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டேன். இருவருக்கும் சிப்பிக்குடியில் வேலை கிடைத்தது, எனக்கு இந்த மேசை, அவருக்குப் பண்ணையில் பாசி கட்டும் கயிறுகள். பட்டை மாட்டிய அன்று அவர் "ஜெசி" என்று கூப்பிட்டதும் வயிறு வலிக்கச் சிரித்தேன். மறுநாள் அதே குரலைக் கேட்டு அழுதேன்.

மாற்று ஆளுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டு, பிரசவத்துக்குத் தூத்துக்குடிக்கு, அம்மா வீட்டுக்குப் போனேன். அவரும் நீண்ட விடுப்பில் வந்துவிட்டார். அமலி பிறந்தாள். அங்கே பட்டை இல்லை. சாயங்காலமானால் அவளை மார்பில் போட்டுக்கொண்டு அவர் "ம்ம்ம்ம்" என்று ஆரம்பிப்பார். ராகம், தாளம் ஒன்றும் கிடையாது. ஒரே சுருதி. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி கூடவே முனகுவேன். அவள் கண் சொருகித் தூங்கிப்போவாள். ஐந்து மாதம் அப்படி ஓடியது. விடுப்பு முடிந்து, மூவரும் கீழே வந்தோம்.

வந்த நாளிலிருந்து அமலி பால் குடிக்கவில்லை.

குடிக்கவே இல்லை என்றால் மிகை. பசி பொறுக்காமல் இரண்டு வாய் குடிப்பாள். நான் "குடிம்மா, என் தங்கம்" என்று சொன்னதும் வாயை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருந்து, உதடு பிதுங்கி, வீறிட்டு அழுவாள். புட்டியில் கொடுத்தாலும் அதேதான். என் பிள்ளைக்கு என் முகத்தைப் பார்த்தாலே பயம் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

டாக்டர் இசக்கியம்மாள் எல்லாச் சோதனைகளையும் செய்து பார்த்துவிட்டார். எங்கள் ஊர் டாக்டர் அவர் ஒருவர்தான். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவார்.

"உடம்புல ஒரு குறையும் இல்ல ஜெசிந்தா. ஆனா எடை இறங்கிக்கிட்டே போகுது. இப்படியே விட முடியாது. சனிக்கிழமை நீர்மூழ்கி வருதுல்ல, மேல அனுப்பிருவோம்."

"நான் எப்படிப் போக முடியும் டாக்டர்? மாத்து ஆள் வர ஆறு மாசமாவது ஆகுமே."

"தெரியும். உங்க வீட்டுக்காரர் கூடப் போகட்டும். புட்டிப்பால் பழக்கிக்கலாம். ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, ஒருதடவை மேல போன பச்சப்பிள்ளைய அஞ்சு வயசுக்கு முன்னால திருப்பிக் கீழ கொண்டுவர விடமாட்டாவ. ரெண்டாந்தடவை இறக்கினா காது தாங்காது."

என் ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று வருடம் இருந்தது. மாற்று ஆள் கிடைத்து நான் முன்கூட்டியே போனாலும், போகும்போது அமலி நடந்துகொண்டிருப்பாள். என் அக்காவையோ வேறு யாரையோ அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

வீட்டுக்கு வந்து ரெமிஜியூஸிடம் சொன்னேன்.

"அவளுக்கு உங்க முனகல்தாங்க வேணும். அதைக் கேட்டுக் கேட்டுத்தானே வளந்தா. இங்க வந்ததும் அது நின்னுபோச்சு. அதான் இப்படிப் பண்ணுதா."

அவர் யோசித்தார். கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"ஒரு நிமிஷம் பட்டையைக் கழட்டுதேன். காதுக்குள்ள மெதுவா முனகிட்டு மாட்டிக்கிடுதேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். என் மேசையிலதான் விளக்கு எரியும்."

"அதை அணைக்கப்போறதும் நீதானேட்டி."

"அன்னைக்கு மேளம் அடிச்சவியளும் கொஞ்ச நேரந்தானேன்னுதான் அடிச்சாவ. நாளைக்கு மரியானுஸ் வீட்டு அக்கா கையால எப்படிச் சோறு வாங்கித் திம்பிய?"

அவர் கையை எடுத்துவிட்டார். அந்தக் கீச்சுக் குரலில் இருவரும் பேசிக்கொண்டது யாருக்காவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை அபாய மணிகளைச் சரிபார்க்கும் முறை. என்னிடம் இரண்டு சோதனை ஒலிப்பான்கள் உண்டு. டப்பா மாதிரி இருக்கும். எந்த எண்ணை வைக்கிறோமோ அந்த அதிர்வில் மட்டும் ஒலிக்கும். ஒன்றை நிறுத்த மறந்துவிட்டு இன்னொன்றையும் முடுக்கிவிட்டேன். இரண்டு மெல்லிய ஒலிகளுக்கும் அடியில் மூன்றாவதாக ஒரு தடித்த ஒலி கேட்டது. பதறிப்போய்ச் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். எரியவில்லை. அளவுமானியில் அந்த மூன்றாவது ஒலியே இல்லை. அப்போதுதான் பயிற்சிக் காலத்தில் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்த ஒன்று ஞாபகம் வந்தது. ஒலிப்பான்களைக் கையோடு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"ஏங்க, உங்க பண்ணையில ரெண்டு கயிறு இருக்குன்னு வைங்க" என்றேன் மூச்சிரைக்க. "ஒண்ணு நானூத்தம்பது முழம். இன்னொண்ணு ஐநூத்தி நாப்பது. ரெண்டையும் ஒரே அளவுத் துண்டா வெட்டணும். மிச்சம் விழக்கூடாது. துண்டு எவ்வளவு பெருசா இருக்க முடியுமோ அவ்வளவு பெருசா இருக்கணும். எத்தனை முழத்துக்கு வெட்டுவிய?"

கயிறு என்றால் அவருக்குக் கணக்கு வந்துவிடும். "தொண்ணூறு. அதுல அஞ்சு துண்டு, இதுல ஆறு துண்டு."

"உங்க முனகலோட அதிர்வு எவ்வளவு தெரியுமா? தொண்ணூறு. பட்டை மாட்டும்போது அளந்தது."

"அதுக்கு?"

"நானூத்தம்பதையும் ஐநூத்தி நாப்பதையும் ஒண்ணா ஒலிக்க விட்டா, காது ரெண்டுக்கும் பொதுவான பெரிய துண்டைத் தேடுது. தொண்ணூறைக் கண்டுபிடிச்சு, அதையும் கேட்ட மாதிரி நினைச்சுக்கிடுது. வெளியில தொண்ணூறு கிடையவே கிடையாது. சுவருக்கு ஒண்ணும் தெரியாது. சட்டத்துக்கும் ஒண்ணும் தெரியாது. காதுக்குள்ள மட்டும் நீங்க முனகுவிய."

"இது அந்த மீப்பெரு பொதுக் காரணிதானே?" என்றார் சந்தேகத்தோடு. "அதுக்குப் பயந்துதானே நான் கடலுக்குள்ளயே வந்து ஒளிஞ்சேன்."

"இது அதுக்குத் தலைகீழுங்க. அங்க ஜோடியைக் குடுத்துக் காரணியைக் கேப்பாவ. இங்க தொண்ணூறு நம்ம கையில இருக்கு, ஜோடிதான் வேணும். தொண்ணூறாம் வாய்ப்பாட்டுல ஏதாவது ரெண்டு எண்ணை எடுக்கணும்..."

அமலி அழுதாள். அவர் எழுந்து தொட்டிலுக்குப் போய்விட்டார். "ஆனா பெருக்குற எண்கள் ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணைத் தவிர வேற பொதுக் காரணி இருக்கக் கூடாது" என்று நான் மீதியைச் சொன்னது அவர் முதுகிடம்தான்.

தொட்டிலின் இரண்டு பக்கமும் ஒலிப்பான்களை வைத்தேன். நானூற்று ஐம்பது. ஐநூற்று நாற்பது.

கொஞ்சம் கரகரப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவர்தான். பாடற்குழுவின் பின் வரிசையில் நின்ற அதே ஆள். ரெமிஜியூஸ் வாயை மூடிக்கொண்டு எதிரே நின்றிருந்தார், அவர் முனகல் அறை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

கதவு சட்டென்று திறந்தது. டாக்டர் இசக்கியம்மாள். அமலியைப் பார்க்க வந்தவர் வாசலிலேயே கேட்டிருக்கிறார்.

"எவன்லே பட்டையைக் கழட்டினது? ஊரைக் கொல்லப் பாக்கியளா?"

ரெமிஜியூஸ் கழுத்துப் பட்டையைத் தொட்டுக் காட்டினார். நான் கையடக்க அளவுமானியை நீட்டினேன். டாக்டர் அதைத் தட்டிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். விளக்கம் சொன்னேன். பாதியில் கேட்பதை நிறுத்திவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"ஒரு ஆம்பளக் குரலைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு" என்றார் பிறகு. "சரி சரி, பிள்ளைக்குப் பாலைக் குடுங்க."

அமலி அழுகையை நிறுத்தியிருந்தாள். ஒலி வந்த திசையைத் தேடி அப்பாவைக் கண்டுபிடித்தாள். லேசாகச் சிரிக்கவும் செய்தாள். அவளை எடுத்து மடியில் போட்டு, "குடிம்மா" என்றேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அதே அழுகை.

மறுநாள், வியாழன் முழுவதும் அதை ஒலிக்கவிட்டுப் பார்த்தோம். அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்து அழுதாள். பால் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் நான் அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். குட்டிக் குட்டிச் சட்டைகள். ஒவ்வொன்றையும் தேவையில்லாமல் இரண்டு முறை மடித்தேன். ரெமிஜியூஸ் ஒலிப்பான்களைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"வேற ஜோடி போட்டுப் பாப்போமா?"

"என்னத்தையாவது வைங்க" என்றேன். என் பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்பதற்கு எந்த ஜோடி மருந்து?

பையை மூடிவிட்டு அமலியை மடியில் எடுத்தேன். அழுதுகொண்டேதான் வந்தாள். அவர் இரண்டு ஒலிப்பான்களையும் முடுக்கினார். ஒலி எழுந்ததுமே தப்பு என்று தெரிந்துவிட்டது. அவருடைய முனகல் இல்லை. அதைவிட உயரமாக, மெல்லிசாக இருந்தது.

"என்ன எண்ணுங்க வச்சிய?"

"ஐநூத்தி நாப்பதும் எழுநூத்தி இருபதும். ஆறு தொண்ணூறு, எட்டுத் தொண்ணூறு. வாய்ப்பாட்டுல உள்ளதுதானே!"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊரைப் பிரியப்போகிற கடைசி நாளில்கூட இந்த மனுஷனுக்குக் கணக்கு வரவில்லை.

"ஆறுக்கும் எட்டுக்கும் நடுவுல ரெண்டு பொதுவா நிக்குதே, கண்ணுக்குத் தெரியலையா? கயித்தைப் பெருசா வெட்ட முடியும்போது யாராவது சின்னத் துண்டா வெட்டுவாவளா? மூணு நூத்தெண்பது, நாலு நூத்தெண்பது. இதுல தொண்ணூறு எங்க வரும்? நூத்தெண்பதுதான் கேக்கும். அந்த நூத்தெண்பதை வச்சுக்கிட்டு..."

"ஏட்டி, கத்தாத" என்றார். "பிள்ளையைப் பாரு."

நான் குனிந்தேன். அமலி அழவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் பார்த்து நாலு வாரம் ஆகியிருந்தது. கையை நீட்டி என் உதட்டைத் தொட்டாள். பிறகு மார்பில் முட்டினாள். குடிக்க ஆரம்பித்தாள். இரண்டு வாய் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, விடாமல் குடித்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இது யாரு?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன். பேசினால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

ரெமிஜியூஸின் கண்கள் கலங்கியிருந்தன. பக்கத்தில் வந்து காதோடு கிசுகிசுத்தார்.

"தெரியலையா உனக்கு? அது நீதான்டி. அம்மா வீட்டுல முதுகைத் தட்டிக்கிட்டே கூட முனகுவியே. நான் கீழ, நீ மேல. எனக்குச் சரியா ரெட்டை மடங்கு. கோவில்லயும் அப்படித்தானே பாடுவோம்."

நான் ஒலி அலுவலர். இந்த ஊரில் யார் குரல் எத்தனை அதிர்வு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவேன். அவர் குரல் போனதற்கு அழுதிருக்கிறேன். பட்டை என் கழுத்திலும்தான் இருக்கிறது. என்னிடமிருந்தும் ஒரு குரல் போயிருக்கிறது என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை. யாருக்கு அது வேண்டியிருக்கும் என்று நினைத்திருப்பேன்.

என் பிள்ளைக்கு வேண்டியிருந்தது. அவளுடைய அம்மாவின் முகத்தை மாட்டிக்கொண்டு யாரோ ஒருத்தி கீச்சுக் குரலில் பேசியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஏமாந்துபோய்த்தான் அழுதிருக்கிறாள். அவள் பயந்தது என்னைப் பார்த்து இல்லை. என்னைக் காணோம் என்றுதான் நாலு வாரமாக அழுதிருக்கிறாள்.

சத்தம் போடாமல் அழுதேன். கண்ணீர் அவள் தலையில் விழுந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, பாலில் குறியாக இருந்தாள்.

சனிக்கிழமை காலை டாக்டர் தராசில் அவளைப் படுக்கவைத்துப் பார்த்தார். முள் கொஞ்சம் ஏறியிருந்தது. கொஞ்சம்தான். டாக்டர் என்னைப் பார்த்தார், மூட்டை கட்டி வைத்திருந்த பையைப் பார்த்தார்.

"அதை அவுத்துருங்க" என்றார். "அடுத்த நீர்மூழ்கிக்குப் பாத்துக்கிடுவோம். அதுக்குள்ள நல்லாக் கொழுத்துருவா." கதவு வரை போனவர் திரும்பி வந்தார். "சாயங்காலம் ரெண்டு மூணு தாய்மாரை உங்க மேசைக்கு அனுப்பலாமா? இங்க பிறந்த பிள்ளையள் ஒண்ணுகூட அம்மா குரலைக் கேட்டதில்லயே. நம்ம யாருக்கும் அது ஒரு குறையாவே படல பாருங்க."

அனுப்பச் சொன்னேன். வந்தார்கள். கிடங்கில் கிடந்த உதிரி ஒலிப்பான்களை எடுத்துக்கொடுத்தேன். இருநூற்றுப் பத்துக்கு ஒரு ஜோடி, நூற்றுத் தொண்ணூறுக்கு ஒரு ஜோடி என்று எழுதிக்கொடுத்து எழுதிக்கொடுத்து எனக்குக் கை வலித்தது. பெருக்கும் எண்களில் பொதுக் காரணி இருக்கக் கூடாது என்று ஒவ்வொருத்தியிடமும் இரண்டு தடவை சொன்னேன்.

வீடு திரும்பியபோது அமலி வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தொட்டிலின் இரு பக்கமும் ஒலிப்பான்கள் என் குரலில் முனகிக்கொண்டிருந்தன. என் குரல் அப்படி ஒன்றும் மோசமில்லை. ரெமிஜியூஸ் தொட்டில் ஓரத்தில், தோற்றுப்போன ஆள்மாதிரி, உட்கார்ந்திருந்தார்.

"ஆக, தொண்ணூறு யாருக்கும் தேவையில்ல" என்றார். "பிள்ளை என்னைப் பாத்துச் சிரிச்சதோட சரி. தப்பா வச்ச ஜோடிதான் சோறு போட்டுருக்கு."

அமலி நன்றாகத் தூங்கிவிட்டாளா என்று பார்த்துவிட்டு இரண்டு ஒலிப்பான்களையும் நிறுத்தினேன். எங்கள் அறைக்கு எடுத்துப்போய், கட்டிலின் தலைமாட்டில் என் பக்கமாக வைத்தேன். ஒன்றில் நானூற்று ஐம்பது. இன்னொன்றில் ஐநூற்று நாற்பது.

"ஏய், அங்க எதுக்கு?" என்றார், பின்னாலேயே வந்து நின்று. "அவதான் தூங்கிட்டாளே. யாருக்கு வைக்க?"

"எனக்கு" என்றேன்.